கதையிலிருந்து கட்டுரைக்கு

அறிவியல் புனைகதை கற்பனையில் பிறப்பது; ஆய்வுக் கட்டுரை சான்றுகளின்மேல் நிற்பது. ஆயினும், புனைகதையைக் கூர்ந்து படிப்பவர் கட்டுரை எழுதும் முறையையும் அதன்வழியே கற்கலாம்.

புகழ்பெற்ற அறிவியலாளரான ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ஆம் ஆண்டில் வங்க மொழியில் ஒரு புனைகதை எழுதினார். பின்னர் அதனை விரிவாக்கி, 1921-ஆம் ஆண்டில் ‘தப்பியோடிய புயல்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். கொல்கத்தாவைத் தாக்கும் என எதிர்பார்க்கப்பட்ட புயல் வராமலே மறைந்துவிடுகிறது. காரணம் அறியாது அறிஞர்கள் திகைக்கின்றனர். கப்பலில் சென்ற ஒருவர், தம் மகள் கொடுத்த கூந்தல் தைலத்தைக் கொந்தளித்த கடலில் வீசியதே காரணம் என்கிறது கதை.

இதனைப் படிப்பவர் உள்ளத்தில் ‘இது நடக்கக்கூடியதா?’ என்னும் வினா எழும். அவ்வினாவே கட்டுரையின் வித்து.

அடுத்து, சான்று தேட வேண்டும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், இலண்டனில் கிளாப்பம் என்னும் இடத்திலுள்ள குளத்தில் ஒரு தேக்கரண்டி அளவே எண்ணெய் ஊற்றினார். அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் பரவி, சிற்றலைகளை அடக்கியது. இச்செய்தி 1774-ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளிவந்தது.

இச்சான்று போதுமா? குளத்தில் கண்டதைக் கடலுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. எண்ணெய்ப் படலம் நீரின் மேற்பரப்பில் எழும் சிற்றலைகளையே தணிக்கும். புயலோ பல நூறு கிலோமீட்டர் பரந்து சுழல்வது. வெப்பமான கடலிலிருந்து எழும் நீராவியால் வலிமை பெறுவது. ஒரு புட்டித் தைலம் அதனைத் தடுக்க இயலாது. ஆகவே, ‘எண்ணெய் சிற்றலைகளை அடக்கும், புயலை அடக்கும் என்பதற்கு இது சான்றாகாது’ என்பதே நேர்மையான முடிவு. சான்று எவ்வளவு கூறுகிறதோ, அவ்வளவே கட்டுரையும் கூற வேண்டும்.

போஸ் கற்பனை செய்தது, பிராங்க்ளின் கண்டறிந்தது, மாணவர் தாமே சிந்தித்து உணர்ந்தது ஆகிய மூன்றையும் கலவாமல், உரியவர் பெயருடன் எழுதுதல் வேண்டும். பிறர் கருத்தைத் தம்முடையதாகக் காட்டாமையே கட்டுரையாளரின் முதற்கடமை.

எழுதுக:
1. குளத்தில் செய்த சோதனை புயலுக்கு ஏன் சான்றாகாது?
2. நீங்கள் படித்த அறிவியல் கதை ஒன்றிலிருந்து ஒரு வினாவை அமைத்து, அதற்கு எத்தகைய சான்று தேவை என விளக்குக.