ஓசையடங்கிய எஞ்சின்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனர் கார்களை இன்றுங் காணலாம். எம்மிடம் உள்ளதும் அத்தகைய முதுகாரொன்றே. சென்ற விடுமுறையில் அதன் சிலிண்டர் தலையைக் கழற்றிக் காஸ்கற்றை வீட்டிலேயே மாற்றினோம். பூட்டியபின் வால்வுப் பக்கம் "டக் டக்" என்றது. செவியையே அளவுகோலாகக் கொண்டு வால்வு இடைவெளிகளைக் குறைத்தோம். ஓசை அடங்கிற்று, எமது பெருமிதந்தான் அடங்கவில்லை. மாலையில், தலையின் நட்டுகளை மேலும் ஒருமுறை இறுக்கிவைத்தோம்.

மறுநாள் குடும்பத்துடன் புறப்பட்டோம். சில கட்டை தூரம் நன்றாக ஓடிய கார், சூடேறியதும் நடுங்கி வலுவிழந்தது. அருகிலிருந்த கராஜ்காரர் எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான்காவதைக் கழற்றியபோது ஓட்டத்தில் மாற்றமேயில்லை.

"சத்தம் போடுற வால்வுக்குப் பயப்பிடாதேங்கோ, மாஸ்ரர்; சத்தமில்லாததைப் பாருங்கோ" என்றார் அவர்.

வால்வின் தண்டு சூட்டினால் நீளும். அதற்கு இடங்கொடுக்கவே தண்டின் முனைக்கும் றொக்கருக்கும் நடுவே வெளி விடப்படுகிறது. மொறிஸ் மைனர் 1000 வகையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இது 0.012 அங்குலம். வெளி மிகுந்தால் ஓசை எழும். குறைந்தாலோ வால்வு முற்றாக மூடாது. புகை வெளியேற்றும் வால்வு, மூடியிருக்கும் வேளையிலேதான் தன் வெப்பத்தைப் பெருமளவில் இருக்கைக்குக் கடத்துகிறது. மூடாவிடின் அதன் விளிம்பு எரிந்துபோகும்.

எமது பெரும்பிழை வேலையின் முறைமாற்றமே. நட்டுகளை இறுக்கத் தலை கீழிறங்கும். தள்ளுதண்டுகள் றொக்கர்களை உயர்த்தும். விட்ட வெளியும் சுருங்கும். ஆதலின் முதலில் நட்டுகள், பின்னரே வால்வுகள்.

எஞ்சினை இரவு முழுவதும் ஆறவிட்டுத் திறந்தோம். எட்டாம் வால்வில் வெளி சிறிதுமில்லை. இம்முறை ஒன்பதின் கணக்கைக் கைக்கொண்டோம்: எட்டாவது முழுதுந் திறந்திருக்கையில் முதலாவதை அளத்தல், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. மாணவர் இதனை எளிதில் மனத்திலிருத்துவர். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் உடன் திரும்புவதுண்டு. எனவே இறுக்கியபின்னும் அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தோம். தகடு மெல்லிய பிடிப்புடன் நழுவியது.

நல்லவேளை, வால்வு எரிந்திருக்கவில்லை. சூடேறிய பின்னும் நான்கு சிலிண்டர்களும் சீராக வேலை செய்தன. ஆனால் எஞ்சினில் இப்போது சிறு ஓசை உண்டு. "திருத்தியும் சத்தம் போகேல்லையே?" என்று வீட்டார் கேட்கின்றனர்.