புலமைப்பரிசிலும் விழிப்பும்

பிள்ளையின் உயர்கல்விக்காகத் தாயின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்வது இலங்கையிற் புதுமையன்று. அவ்வாறு திரட்டிய பணம் வஞ்சகர் கையிற் சேருமாயின், அழிவது பொருள் மட்டுமன்று; பிள்ளையின் ஊக்கமும் உடனழிகின்றது. ஆகவே, உதவி தேடுவோர் உண்மையான வழியையும் போலி வழியையும் பிரித்தறிதல் வேண்டும்.

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலே தொடங்கியது. அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டம் பயிலும் உள்வாரி மாணவர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் தங்குமிடம், உணவு, நூல்கள் ஆகியவற்றின் செலவு எளிய குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையே. இச்சுமையைக் குறைக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் 1981ஆம் ஆண்டிற் சட்டத்தால் நிறுவப்பட்டது. உயர்தரப் பரீட்சையிற் காட்டிய திறமைக்காக வழங்கப்படுவது ஒரு வகை. குடும்ப வருமானக் குறைவை நோக்கி வழங்கப்படுவது மற்றொரு வகை. மகாபொல கிட்டாத வறிய மாணவர்க்கு வேறோர் அரச நிதியுதவியும் உண்டு.

விண்ணப்பிப்போர் முதலில் அறிவுறுத்தல்களை முழுமையாக வாசித்தல் நன்று. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் அமைவதுண்டு. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே சீர்செய்யாவிடின் வீண் தாமதம் நேரும். வருமான விபரம் உண்மையாயிருத்தல் வேண்டும். அனுப்பிய யாவற்றிற்கும் பிரதி வைத்திருப்பதும், இறுதி நாள்வரை காத்திராமையும் அறிவுடைமையாகும்.

இனி, வஞ்சகரை அறியும் வழி யாது? புலமைப்பரிசில் என்பது மாணவரிடம் வந்து சேரும் பணம். மாணவரிடமிருந்து செல்லும் பணமன்று. பிரித்தானியாவின் செவனிங், ஐக்கிய அமெரிக்காவின் புல்பிரைட் ஆகிய பட்டமேற்படிப்புப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. விண்ணப்பியாதவர்க்குப் பரிசில் கிடைத்துவிட்டதென அறிவிப்பவன், இடம் நிச்சயம் என உறுதி கூறுபவன், இன்று மாலைக்குள் பணம் செலுத்துமாறு அவசரப்படுத்துபவன் ஆகிய மூவரும் ஐயத்துக்குரியோர். அவசரம் காட்டுவதன் நோக்கம் பிறரிடம் விசாரிக்க நேரமளியாமையே. முதலிற் சிறு தொகை கேட்பர். அது சென்றபின், இழந்ததை மீட்கும் ஆசையால் பெருந்தொகையும் செல்லும்.

ஐயம் எழுந்தால், அறிவித்தவன் தந்த தொலைபேசி இலக்கத்தை நம்பாது, குறித்த நிறுவனத்தையோ தூதரகத்தையோ நேரடியாக விசாரித்தல் வேண்டும். வங்கியின் இரகசியக் குறியீட்டை எவருக்கும் கூறலாகாது. ஏமாந்தவர் நாணி மறைக்காது, உடனே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒருவர் மறைத்த ஏமாற்றமே அயல்வீட்டுப் பிள்ளைக்கு வலையாகின்றது.