அத்துவிட்ட காலமும் அஃபிடவிட் காலமும்

சட்டப் புத்தகத்தில் விவாகரத்து ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமங்களில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சாதிகளில் ஊர்ப் பெரியவர்கள் கோயில் திண்ணையில் கூடுவார்கள். பரியப் பணம் கைமாறும், சீர்ப் பாத்திரங்கள் வண்டியில் ஏறும், தாலி கழற்றிக் கொடுக்கப்படும். "அத்துவிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. ஆனால் மறுபடி கட்டிக்கொள்ளத் தடையும் கிடையாது. வழக்கமே இல்லாத சாதிகளில் பிறந்தவளுக்கு இந்த வாசல்கூட இல்லை. தாய்வீட்டுப் பின்கட்டிலேயே ஆயுசு முடிந்துவிடும்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் மணமுறிவு உரிமையைப் பேசினார்கள். சட்டமாக வர இருபது ஆண்டு ஆனது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழிசெய்து ஒரு சட்டம் போட்டது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. இன்றைக்கு அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னதும் 'கொடுமை' என்ற காரணம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் 1955இல் கொடுமை விவாகரத்துக்கான காரணமே இல்லை. அடிவாங்கியவளுக்கு நீதிமன்றம் தரக்கூடியது பிரிந்து வாழும் அனுமதி மட்டும்தான். அதை வாங்கி, காத்திருந்து, அதற்குப் பிறகுதான் விவாகரத்து மனு. தொழுநோயோ விவாகரத்துக்கான காரணமாக இருந்தது. அதைப் பட்டியலிலிருந்து எடுக்க 2019 வரை ஆனது. கட்டியவன் கையை ஓங்குவதைவிட அவனுக்கு வந்த நோயைப் பெரிய குற்றமாக நினைத்த சட்டம் அது என்றால் மிகையில்லை.

1976 திருத்தம்தான் திருப்பம். கொடுமையும், இரண்டு வருடம் கைவிட்டுப் போவதும் நேரடிக் காரணங்கள் ஆயின. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற 13பி பிரிவும் அப்போதுதான் நுழைந்தது. இன்று ஊர் வக்கீலின் மேஜையில் 'தேர்ட்டீன் பி' என்று ஒரு டீக்கு ஆர்டர் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

அந்த மேஜையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எண்பதுகளில் ஒரு குடும்ப வழக்குக் கட்டைப் பிரித்தால் கல்யாணப் பத்திரிகை, ஸ்டூடியோவில் எடுத்த மாலையும் கழுத்துமான படம், நீளத் தாளில் எழுதிய சீர்ப் பட்டியல், நாலைந்து இன்லேண்டு லெட்டர் இருக்கும். கல்யாணத்தைப் பதிவு செய்தவர்கள் குறைவு. அதைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் வந்ததே 2009இல்தான். ஆகையால் கல்யாணம் நடந்தது என்பதற்கே சாட்சி வேண்டும். சமைத்தவரும் தாலி எடுத்துக் கொடுத்தவரும் கூண்டேறிய கதைகள் உண்டு.

இப்போது கட்டு மெலிந்து, கைப்பேசி கனத்துவிட்டது. முதல் நாளே போனை நீட்டி "எல்லாம் இதுல இருக்கு மேடம்" என்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் ஆகாது, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். கணவன் மனைவி பேச்சை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு படுக்கையறைச் சண்டையில்கூட ஒரு காதை போன்மேல் வைத்துக்கொண்டே பேசுகிறவர்கள் பெருகிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்ட தீர்ப்புகளைச் சொல்ல மாட்டேன். யாரும் கவனிக்காத இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பது. முன்பு கல்யாணம் நடந்த ஊர், எதிராளி இருக்கும் ஊர், இருவரும் கடைசியாகக் குடியிருந்த ஊர், இவற்றில்தான் விவாகரத்து மனு போட முடியும். சென்னையில் கல்யாணமாகி, அங்கேயே வாழ்ந்து, சங்கரன்கோவில் தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண் வாய்தாவுக்கு வாய்தா ராத்திரி பஸ் ஏறியாக வேண்டும். கூடவே அப்பாவோ தம்பியோ வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும். போய் நின்றால் ஜட்ஜ் லீவாக இருப்பார். பாதிப் பெண்களை வழக்கைக் கைவிட வைத்தது இந்த பஸ் டிக்கெட்தான். 2003இல் வந்த சிறு திருத்தம், மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்றது. சட்டத்தில் ஒரே ஒரு உட்பிரிவுதான் கூடியது. ஊர் வக்கீல் என்ற ஆளுக்கே இதற்குப் பிறகுதான் அர்த்தம் வந்தது. அம்மா வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அவள் வட்டார வழக்கு புரிகிற ஒருவர். கணவன் பெங்களூரில் வழக்குப் போட்டுவிட்டால் மட்டும், அதை இங்கே மாற்றித் தரச் சொல்லி இன்றும் டெல்லிவரை மனு போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வருமானக் கணக்கு. ஜீவனாம்ச வழக்கில் அந்தக் காலத்துக் கணவனின் நிரந்தர வசனம் ஒன்று உண்டு: "வேலை இல்லீங்க, அப்பா தயவுல சாப்பிடுறேன்." அவன் சம்பாதிக்கிறான் என்று மனைவிதான் நிரூபிக்க வேண்டும். சர்க்கார் வேலை என்றால் சம்பளச் சான்று கேட்டு வாங்கலாம். வியாபாரி, தோட்டக்காரர் என்றால் எந்தக் காகிதத்தைத் தேடுவது? அப்படி நிரூபித்தாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அந்த வரம்பை எடுத்ததே 2001இல்தான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ஒரு படிவமே வகுத்துக் கொடுத்தது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்றும் சொன்னது. இழுத்தடித்தால் லாபம் என்ற கணக்கு அதோடு அடிபட்டது.

அந்தப் படிவத்தை நிரப்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். மாமனார் மீது ஆயிரம் புகார் சொல்லிக்கொண்டிருந்த பையன் திடீரென்று மௌனமாகிவிடுவான். "ஐயா, தாத்தா தோட்டத்துல எனக்கு வர்ற பங்கையும் எழுதணுமா?" வக்கீல் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். "பங்கு இருந்தா எழுதுங்க தம்பி. மறைச்சு எழுதி நாளைக்கு அவங்க வில்லங்கச் சான்று எடுத்துட்டு வந்தா, என் மூஞ்சிதான் தொங்கும்." பெண்ணுக்கும் இதே கதிதான். டியூஷன் எடுத்து வாங்குகிற நாலாயிரத்தை எழுதலாமா வேண்டாமா என்று அவளும் தயங்குவாள்.

இதுவரை பேசியது பெரும்பாலும் இந்துக்களின் சட்டத்தை. கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1869ஆம் ஆண்டுச் சட்டம்தான், 2001இல் திருத்தப்படும் வரை. கணவனுக்கு மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றே போதும். மனைவிக்கோ அதோடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றும் சேர வேண்டும். மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புத் தந்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் செல்லாது. நூற்றுமுப்பது வருடம் இப்படி ஓடியிருக்கிறது என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கும். முஸ்லிம் பெண்களின் ஜீவனாம்சக் கேள்வி 1985 ஷா பானு வழக்கில் தொடங்கி, அவர்களும் 125ஆம் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் தெளிவானது.

கோர்ட்டும் மாறியிருக்கிறது. சப் கோர்ட்டில் பாகப்பிரிவினைக்காரர்களுக்கும் கடன் பத்திரக்காரர்களுக்கும் நடுவே, டவாலி கத்திக் கூப்பிடும்வரை தலையைக் குனிந்து நின்ற காலம் ஒன்று. 1984 சட்டத்தால் குடும்பநல நீதிமன்றங்கள் வந்தன, கவுன்சலிங் வந்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையமும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையில்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. அனுமதி மனு போட்டு எல்லோரும் ஆஜராகிறார்கள். சட்டம் எழுதியவர்களின் எண்ணம் நல்லதுதான்; ஆனால் பயந்து நிற்கிற பெண்ணைத் தனியே பேசு என்றால் அவள் என்ன பேசுவாள்? கவுன்சலிங் அறையிலும் பழைய திண்ணை சில நேரம் எட்டிப்பார்க்கிறது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்ற வாக்கியத்துக்கு மட்டும் இன்னும் திருத்தம் வரவில்லை.

மாறாதவை வேறும் உண்டு. விவாகரத்து வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வழக்குப் போட்ட அன்று எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். இன்னொரு குழப்பமும் வாரம் தவறாமல் வருகிறது. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாமே, ஒட்டாத கல்யாணத்தை உடனே முடிக்கலாம்னு" என்று வந்து நிற்பார்கள். 2023 மே மாதத் தீர்ப்பு சொன்னது, உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் அப்படிச் செய்யலாம் என்பதை. நம் ஊர் நீதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை. மனமொத்த மனுவில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தும் அதிகாரம் மட்டும் 2017 தீர்ப்பால் அவருக்கு உண்டு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, திண்ணைப் பஞ்சாயத்து முத்திரைத்தாளில் குடியேறியிருப்பது. நூறு ரூபாய்ப் பத்திரம், இரண்டு கையெழுத்து, நோட்டரி முத்திரை. விவாகரத்து முடிந்தது என்று நம்பி இருவரும் வேறு கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் காப்பாற்றுவது உண்மை; ஆனால் அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் தொடர்ந்து இருந்தது என்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். முடியாவிட்டால் அடுத்த கல்யாணம் செல்லாது. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் இரண்டாவதாக வந்தவளுக்கு இது தெரியவரும்.

ஆகவே, அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கேட்பது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். காசில்லை என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஜீவனாம்ச உத்தரவு கையில் இருந்தும் பணம் வராதவர்கள் ஒரு கெடுவை மறக்க வேண்டாம்: 125ஆம் பிரிவின் (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு) கீழான பாக்கியை, அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் மூலம் வசூலிக்க முடியும்.