பென்ஸ் விலைக்கு ரெண்டு இன்ஜின் பிளேன்... வாங்கலாமா?

அமெரிக்காவில் பழைய விமானங்கள் விற்பனைக்கு வரும் தளங்களை ஒருமுறை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. 1970-களில் தயாரான பைப்பர் செனெகா, ஆறு சீட், ரெண்டு இன்ஜின். விலையோ ஒரு சொகுசு கார் ரேஞ்சில்தான் இருக்கும். 'அட, இவ்வளவுதானா!'னு தோணும். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

வாங்குற விலை ஒருமுறைதான். இன்ஜின் செலவு விடாது. இந்த மாதிரி பிஸ்டன் இன்ஜின்களை 1,400 முதல் 2,000 மணி நேரத்துக்குள் முழுசா பிரிச்சு ஓவர்ஹால் பண்ணச் சொல்றாங்க தயாரிப்பாளர்கள். ரெண்டு இன்ஜினுக்கும் பண்ணினா, பழைய விமானத்தோட விலையில் பாதிக்கு மேல் போயிடும். அதனால விளம்பரத்தில் பெயின்ட்டைப் பார்க்காதீங்க. கடைசி ஓவர்ஹாலுக்கு அப்புறம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க. லாக்புக் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா, அந்த விமானமே வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். பீச்கிராஃப்ட் பேரன் 58-ல் 300 குதிரைசக்தி இன்ஜின் ரெண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 110 லிட்டர் குடிக்கும். சின்ன கார் டேங்க் மூணு காலி! டைமண்ட் டிஏ42 டீசல் வகை இன்ஜினில், ஜெட் எரிபொருளில் ஓடுது. அதில் பாதிகூட செலவாகாது. ஆனா, பழைய செனெகாவைவிட விலை பல மடங்கு.

'ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொண்ணு காப்பாத்துமே?' காப்பாத்தும், நீங்க பயிற்சியில் இருந்தா! ஒரு இன்ஜின் நின்னா சக்திதான் பாதி குறையும். மேலே ஏறும் திறனோ சுமார் 80 சதவிகிதம் போயிடும். விமானம் நின்ன இன்ஜின் பக்கமா இழுக்கும். வேகம் மீட்டரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போச்சுன்னா, கவிழ்ந்துகூட விடலாம். டேக் ஆஃப் ஆன சில நொடிகளில் இது நடந்தா, யோசிக்க நேரமே இருக்காது. அதனாலதான் இதுக்குத் தனி ரேட்டிங் கேட்கிறாங்க. ரெண்டு இன்ஜினில் அனுபவம் இல்லைன்னா இன்ஷூரன்ஸும் எகிறும்.

அங்கே பலர் மூணு, நாலு பேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்குறாங்க. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திர பரிசோதனை எல்லாம் பங்கு. யார் எந்த வார இறுதியில் பறக்கிறதுங்கிற சண்டையும் பங்குதான்! வாங்குறதுக்கு முன்னாடி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. வருஷத்துக்கு 50 மணி நேரம்கூட பறக்க மாட்டீங்கன்னா, வாடகைக்கு எடுங்க, போதும்.