படிப்பு நேரம்: நாட்டுக்கு நாடு

மாணவர்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் என்பதை நாடுவாரியாக அறிய உதவுவது ‘பிசா’ ஆய்வு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு இதை 2000 முதல் நடத்திவருகிறது. கணிதம், அறிவியல், வாசிப்பு ஆகியவற்றில் 15 வயது மாணவர்களைச் சோதிப்பதோடு, அவர்கள் படிக்கும் நேரத்தையும் அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்கிறது.

2012 ஆய்வின்படி, ஷாங்காய் மாணவர்கள் ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடத்துக்கு வாரம் 13.8 மணி நேரம் செலவிட்டனர். உறுப்பு நாடுகளின் சராசரி 4.9 மணி; பின்லாந்தில் 2.8 மணிதான். கணிதத்தில் ஷாங்காய் 613 புள்ளிகளும் பின்லாந்து 519 புள்ளிகளும் பெற்றன. சராசரி 494.

தென்கொரியாவின் வீட்டுப்பாட நேரமும் 2.9 மணிதான்; கணிதப் புள்ளியோ 554. ஆனால் அங்கே பள்ளி விட்டதும் பிள்ளைகள் செல்வது ‘ஹாக்வொன்’ எனப்படும் தனியார் டியூஷன் மையங்களுக்கு. அந்த நேரம் வீட்டுப்பாடக் கணக்கில் வராது. ஆகவே ஒப்பிடும்போது பள்ளி, வீட்டுப்பாடம், டியூஷன் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2015 ஆய்வு அப்படிக் கூட்டிப் பார்த்தது. பின்லாந்து மாணவர்கள் வாரம் சுமார் 36 மணி நேரமும், ஐக்கிய அரபு அமீரக மாணவர்கள் சுமார் 60 மணி நேரமும் படித்தனர். அறிவியலில் பின்லாந்துக்கு 531 புள்ளிகள், அமீரகத்துக்கு 437. நேரம் கூடினால் மதிப்பெண்ணும் அதே அளவில் கூடும் என்பதில்லை. கற்பிக்கும் தரத்துக்கும் பங்குண்டு. பின்லாந்தில் பள்ளி ஆசிரியராவதற்கு முதுகலைப் பட்டம் தேவை.

படிப்பு நேரம் நீள்வதற்குத் தேர்வு முறை பெரிய காரணம். பின்லாந்தில் மேல்நிலைப் படிப்பின் முடிவில்தான் நாடு தழுவிய பொதுத்தேர்வு. கொரியாவில் நவம்பரில் ஒரே நாளில் நடக்கும் ‘சுனுங்’ தேர்வும், சீனாவில் ஜூன் மாதம் நடக்கும் ‘காவ்காவ்’ தேர்வும் பல்கலைக்கழக இடத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. அதற்கான ஓட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்தச் சுமைக்கு அரசுகள் வரம்பு கட்டியும் பார்க்கின்றன. சியோலில் ஹாக்வொன்கள் இரவு 10 மணிக்கு மூடப்பட வேண்டும். சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தியது. 3 முதல் 6ஆம் வகுப்பு வரை நாளுக்கு 60 நிமிடம், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 90 நிமிடம் என உச்சவரம்பு வைத்தது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதையும் தடை செய்தது. காவ்காவ் தேர்வு மட்டும் தொடர்கிறது.