எலியிடம் மழுங்கிய காசநோய்க் கிருமி

1937-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஏ. க்யூ. வெல்ஸ், பிரிட்டனின் புல்வெளிகளில் பிடிபட்ட வோல் எனும் குட்டைவால் எலிகளிடம் காசநோயைக் கண்டார். இந்த எலிகள் திடீரெனப் பெருகுவதும் பின் சரிவதும் ஏன் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தேடலில் சிக்கியதோ மனிதக் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. இன்று அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் மைக்ரோட்டி.

வோல்களைக் கொல்லும் இக்கிருமி, கினிப்பன்றிகளையும் கன்றுகளையும் பெரிதாக வாட்டவில்லை. அப்படியானால் இதையே தடுப்பூசியாக்கலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய பெரிய சோதனையில் 50,000-க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினர் பங்கேற்றனர். சிலருக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, சிலருக்கு வோல் கிருமி ஊசி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஊசிகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் காத்தன. ஆனால் வோல் ஊசி போட்ட இடத்தில் சிலருக்குத் தோல் காசநோய் போன்ற புண் வந்தது. அந்த ஊசி வழக்கொழிந்தது.

இரண்டுக்கும் இடையே இருந்த ஒற்றுமையின் அடிப்படை 2002-இல் தெரிந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதுதான். பிசிஜி என்பது, மாட்டுக் காசநோய்க் கிருமியை ஆய்வாளர்கள் கால்மெட்டும் கெரானும் ஆய்வகத்தில் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து மழுக்கியது. அப்போது அது பறிகொடுத்த மரபணுப் பகுதியில் பெரும்பங்கு வோல் கிருமியிடமும் இல்லை. நம் நோய்த்தடுப்பு செல்களைத் தாக்கப் பயன்படும் முக்கியமான இரண்டு புரதங்கள் அங்கேதான் எழுதப்பட்டுள்ளன. ஒன்று ஆய்வகத்தில் இழந்ததை, மற்றொன்று இயற்கையிலேயே தனியாக இழந்திருக்கிறது.

ஆயினும் மழுங்கிய கத்தியும் சில சமயம் வெட்டும். பிரிட்டனில் பூனைகளுக்கு வரும் காசநோயில் கணிசமான பங்கு இந்த வோல் கிருமியால்தான். வேட்டையில் எலி கடித்த முகத்திலும் முன்னங்காலிலும் முதலில் கட்டி தோன்றும். லாமா, அல்பாக்கா, காட்டுப்பன்றி ஆகியவற்றிடமும் கிருமி கிடைத்திருக்கிறது. மனிதரிடம் இது நோய் உண்டாக்குவதை 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களோடு, அப்படிக் குறை எதுவும் இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

இதுவரை வெளிவந்த மனித நோய்ப் பதிவுகள் சொற்பமே. அந்த எண்ணிக்கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். சளியை வளர்ப்பூடகத்தில் இட்டு ஆய்வகங்கள் வழக்கமாக 6 முதல் 8 வாரம் காத்திருக்கும்; இந்தக் கிருமி வளர 12 வாரம்கூட ஆகலாம். காசநோய்க்கான நவீன ரத்தப் பரிசோதனை தேடுவதோ, இக்கிருமியிடம் இல்லாத அதே இரண்டு புரதங்களுக்கான எதிர்வினையை. நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தும் வளர்ப்பில் எதுவும் முளைக்காவிட்டால், மரபணுப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளே இதற்கும் போதும்.