சாமி யார் மேல? - கணியான் கூத்து பற்றிச் சில குறிப்புகள்

சுடலைமாடன் கொடையை முதல் தடவையாகப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். சேலை கட்டி, சலங்கை கட்டி, முகத்தில் பவுடர் அப்பிய இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். வேஷம் போட்டது அவர்கள்தான். ஆனா சாமி வருவது அவர்கள் மேல் இல்லை. கொஞ்சம் தள்ளி, சல்லடமும் குல்லாயும் தரித்து நிற்கிற கோமரத்தாடி மேல். அப்போ இந்த வேஷக்காரர்கள் எதுக்கு?

ஆடுகிறவர்கள் கணியான் சாதியைச் சேர்ந்தவர்கள். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமும் இருக்கிற சிறிய சமூகம் இது. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றது. (கேரளத்தில் சோதிடம் பார்க்கிற கணியர் வேறு. பெயரை வைத்துக்கொண்டு கணியன் பூங்குன்றனார் வரைக்கும் இழுக்கிறவர்கள் உண்டு. அந்த வழியில் நான் போகவில்லை.) அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் இவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

குழுவில் கதை பாடுகிறவர் அண்ணாவி. அவர் பாடுவதை வாங்கிப் பாட ஒரு பின்பாட்டுக்காரர். மகுடம் அடிக்க இரண்டு பேர், ஆட இரண்டு பேர். மகுடம் என்பது மரவளையத்தில் தோல் போர்த்திய வட்டமான பறை. ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். தோல் தொய்ந்தால் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவார்கள். கணியான் கூத்துக்கு 'மகுடாட்டம்' என்றும் பெயர் வந்தது இந்தக் கருவியால்தான்.

அண்ணாவி பாடுவது சுடலையின் பிறப்புக் கதை. கைலாசத்தில் தூண்டாமணி விளக்கிலிருந்து பிறக்கிறான். சுடுகாட்டுப் பிணத்தைத் தின்கிறான். அதனால் சிவன் அவனைப் பூமிக்கு அனுப்புகிறார். கதை கேட்கிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரிந்த கதையை ஏன் விடிய விடியப் பாடணும்? ஏன்னா அது நமக்காகப் பாடுவது மட்டும் இல்லை. கோமரத்தாடியின் காதில் விழத்தான் பாடுவது. கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் மகுடத்தின் அடி மாறும், வேகம் ஏறும். கோமரத்தாடியின் காலில் முதல் நடுக்கம் தெரிந்ததும் அடிக்கிறவர் கண் அங்கேயே நிற்கும். பாட்டு அப்போது இரண்டாம் பட்சம். சாமியை அழைத்து இறக்குகிற வேலை கணியானுடையது. சாமியைத் தாங்குகிற வேலை கோமரத்தாடியுடையது.

இதில் கனமான இடம் கைவெட்டு. காப்புக் கட்டிய கணியான் தன் கையைக் கீறி ரத்தம் எடுத்துச் சாமிக்குப் படைக்கிறார். கிடாவும் சேவலும் பலி கொடுக்கிற கொடையிலும் இந்த ரத்தத்துக்குத் தனி இடம் உண்டு. யோசித்துப் பாருங்க: சாமி தன் மேல் வராது என்று தெரிந்தவர், அந்தச் சாமிக்குத் தன் உடம்பிலிருந்தே கொடுக்கிறார். அருள் வந்த கோமரத்தாடியிடம் ஊரே திருநீறு வாங்கும். கணியானுக்குக் கிடைப்பது பேசின கூலி. இதைச் சொல்லாமல் 'தொன்மையான கலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜப்பானில் ஷிண்டோ கோயில் விழாக்களில் ஆடுகிற 'ககுரா'வோடு இதை வைத்துப் பார்க்கலாம். குகைக்குள் ஒளிந்த சூரிய தேவி அமதெராசுவை வெளியே வரவைக்க உசுமே என்ற பெண் தெய்வம் ஆடினாள் என்று 712-ல் தொகுக்கப்பட்ட கொஜிகி சொல்கிறது. ககுராவின் மூலக்கதை அதுதான். அங்கேயும் ஆட்டத்தின் வேலை தெய்வத்தை வெளியே வரவைப்பது! தகாசிஹோ என்ற ஊரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒவ்வொரு கிராமமாக, ராத்திரி முழுக்க 33 ஆட்டம் ஆடுகிறார்கள். ஆனா பெரும்பாலான ககுராவில் முகமூடி போட்டவரே அந்தத் தெய்வமாக நின்று ஆடுகிறார். நம்ம பக்கத்துக்குத் தெய்யம் இதற்கு நெருக்கம். கணியான் கூத்துக்கு நெருக்கமானது ஷிமானே மாகாணத்து ஓமோதோ ககுரா. சில வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற அந்த விழாவில், அருள்வாக்குச் சொல்வதற்கென்றே தனியாக ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

அருள் வருவது அங்கே அபூர்வமாகிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1870-களில் மெய்ஜி அரசு அருள்வாக்குச் சொல்வதைத் தடை செய்தது, கோயில் பூசாரிகள் ஆடுவதையும் நிறுத்தியது. அதே ஷிமானேயின் இவாமி பகுதியில் பூசாரிகள் விட்ட ஆட்டத்தை ஊர்க்காரர்கள் கையில் எடுத்தார்கள். காகிதக் கூழ் முகமூடியும் மூங்கிலும் காகிதமும் சேர்த்த நீளமான பாம்பு உடலுமாக அது வளர்ந்து, 1970 ஒசாகா உலகப் பொருட்காட்சி மேடை வரை போனது.

இங்கே அப்படி நடந்தது வில்லுப்பாட்டுக்கு. அதே கொடையில், அதே சுடலை கதையைப் பாடுகிற வில்லை எந்தச் சாதிக்காரரும் கற்றுக்கொள்ளலாம். ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் அதை மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனார். மகுடத்தைக் கணியான் வீட்டுப் பிள்ளைகள்தான் எடுக்கணும். படித்து வேறு வேலைக்குப் போகிற பையனிடம் சேலை கட்டி ஆடு என்று எந்த அப்பாவும் கட்டாயப்படுத்த மாட்டார், படுத்தவும் கூடாது. 'கலை அழிகிறதே' என்று நாம் வருத்தப்படுவதற்காக அந்தப் பையன் கையைக் கீறிக்கொள்ளணுமா?

கலைவிழாக்களில் அரை மணி நேரம் கணியான் கூத்து வைக்கிறார்கள். கைவெட்டு கிடையாது, அது நல்லதுதான். மேடையில் கோமரத்தாடியும் கிடையாது. மகுடம் அடிக்கிறவர் வேகத்தை ஏற்றுகிறார், ஏற்றி முடித்ததும் கூட்டத்தைப் பார்க்கிறார். கூட்டம் கை தட்டுகிறது.